பெயரில் 'ஃபான்' இருந்தால் ஜெர்மன் பிரபு வம்சமா? பழைய பதிவேடுகளில் எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வியில் உள்ள நிலைமை இது: 1890களில் பிரஷ்யாவிலிருந்து (அன்றைய ஜெர்மன் பேரரசின் மிகப்பெரிய அரசு) கப்பலேறிய ஒரு முன்னோர், பெயரில் 'ஃபான்' (von), அதே பெயரில் பிரபுக்கள் அகராதியில் ஒரு குடும்பம். இரண்டையும் இணைத்துவிடலாமா?

கூடாது. இணையத்தில் உலாவும் பொய்யான வம்சாவளிகளில் பல இப்படிப் பிறந்தவைதான். வட ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 'இன்ன ஊர்க்காரர்' என்ற பொருளில் சாதாரண விவசாயிக்கும் 'ஃபான்' உண்டு. மறுபக்கம் க்னிக்கே, குரோட்டே போன்ற பழைய பிரபுக் குடும்பங்களுக்கு அது கிடையாது. பிரஷ்ய ராணுவப் பட்டியல்கள் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பிரபுவின் பெயரில் 'ஃபான்' என்பதற்கு 'v.' என்று முதல் எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் இருக்கும், பிரபு அல்லாதவருக்கு 'ஃபான்' முழுதாக அச்சாகியிருக்கும். போதாததற்கு ஷ்டைன், பெர்க் போன்ற பெயர்களில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது குலச்சின்னம்தான். அதற்கு சீப்மாகர் சின்னத் தொகுப்பைப் பாருங்கள். 1605இல் தொடங்கிய அதன் பழைய பகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

ஆகவே தேடல் கீழிருந்து மேலே போக வேண்டும். கப்பலேறியவர் என்றால் முதலில் வேண்டியது அவருடைய கடைசி ஊர். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல் 1850 முதல் 1934 வரை பெருமளவு தப்பியிருக்கிறது. அதில் முந்தைய வசிப்பிடம் எழுதப்பட்டிருக்கும். பிரேமன் வழியாகப் போயிருந்தால் துரதிர்ஷ்டம், அந்தக் காலத்துப் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அப்போது குடியேறிய நாட்டின் தேவாலயப் பதிவு, கல்லறை, குடியுரிமை மனு என்று தேட வேண்டியதுதான்.

ஊர் கிடைத்ததும், ஜெர்மன் பேரரசின் ஊர்களைப் பட்டியலிடும் மேயர்ஸ் ஊர் அகராதியின் 1912–13 பதிப்பைத் திறந்து பாருங்கள். தேடக்கூடிய வடிவில் இலவசமாக இருக்கிறது. எந்தப் பதிவு அலுவலகம், எந்தப் பங்கு (தேவாலய வட்டாரம்) என்று அதிலிருந்து பிடிக்கலாம். பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களில் ஒரே பெயரில் கிராமம் ஒன்றும் பண்ணையாரின் நிர்வாகப் பகுதி ஒன்றும் தனித்தனியாக இருக்கும். பிரபுவைத் தேடுபவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

குடிமைப் பதிவு (பிறப்பு, திருமணம், மரணத்தை அரசே பதிவது) பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 அன்றும், பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1 அன்றும் தொடங்கியது. ரைன் நதிக்கு மேற்கே பிரெஞ்சு ஆட்சி காரணமாக 1798 முதலே உண்டு. பிறப்புப் பதிவு 110 ஆண்டுகள், திருமணம் 80, மரணம் 30 ஆண்டுகள் மூடியிருக்கும். அதற்குப் பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யாரும் கேட்கலாம். சீக்கிரம் திறப்பது மரணப் பதிவு என்பதால் அதிலிருந்து தொடங்குவது லாபம்: பிரஷ்யப் படிவத்தில் இறந்தவரின் பிறந்த ஊர், துணைவர், பெற்றோர் பெயர்கள் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். கேட்கும்போது 'சான்றிதழ்' என்று எழுதாதீர்கள். பதிவேட்டுப் பக்கத்தின் முழு நகல் வேண்டும் என்று எழுதுங்கள். பெயர் மாற்றம், தத்தெடுப்பு, தந்தை பின்னாளில் ஏற்றுக்கொண்டது எல்லாம் ஓரக் குறிப்பில்தான் இருக்கும், சான்றிதழில் அது வராது. தத்தெடுப்பு இங்கே முக்கியம். ஜெர்மனியின் 1919 வைமார் அரசியல் சட்டத்தின் 109ஆம் பிரிவு பட்டங்களை வெறும் பெயரின் பகுதியாக்கிவிட்டதால், அதன் பிறகு வந்த பெயர் மட்டும் ரத்த உறவுக்குச் சாட்சியாகாது. ஆஸ்திரியா அதே ஆண்டில் பட்டத்தோடு 'ஃபான்' என்பதையும் சேர்த்து ஒழித்தது.

1874க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுதான். புராட்டஸ்டண்ட் என்றால் பெரும்பாலும் கட்டணத் தளமான ஆர்க்கியோன். கத்தோலிக்கர் என்றால் இலவசமான மட்ரிகுலா. பாசாவ், மூன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டங்கள் மட்ரிகுலாவில் உள்ளன. இரண்டிலும் பக்கங்களின் படம்தான் இருக்கும். பெரும்பாலும் பெயரை அடித்துத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

ஒரு ஞானஸ்நானப் பதிவை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். தந்தையின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்லைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் 'ஹோக்கெபோரன்' என்றால் கிராஃப், அதாவது கோமகன். 'ஹோக்வோல்கெபோரன்' என்றால் ஃபிரைஹெர் (கோமகனுக்கு அடுத்த கீழ்ப்படிப் பட்டம்) அல்லது பட்டமில்லாத பிரபு. வெறும் 'வோல்கெபோரன்' வசதியான நகரவாசிக்கும் போடப்பட்டது. 17ஆம் நூற்றாண்டுப் பதிவில் இந்த அளவுகோலை வைக்காதீர்கள், அப்போது அதே சொற்களின் எடை வேறு. சம்பளம் கொடுக்கும் பண்ணையாரை ஒரு படி தூக்கி எழுதிய போதகர்களும் உண்டு. அடுத்து தாயின் பிறந்த வீட்டுப் பெயர். அதைவிடப் பயனுள்ளவை ஞானப்பெற்றோர் பெயர்கள். பிரபு வீட்டுக் குழந்தைக்கு அவர்கள் பத்துக்கு மேல்கூட இருப்பார்கள். தாத்தா, அத்தை, தாய்மாமன் எல்லாம் பதவியோடும் ஊரோடும் வரிசையாக இருப்பார்கள். அடுத்த தலைமுறையின் ஊர் தெரியாமல் முட்டி நிற்கும்போது வழி பெரும்பாலும் இங்கேதான் திறக்கும்.

பண்ணைக் கிராமத்தில் பிறப்புப் பதிவு இல்லையென்றால் தந்தை ராணுவ அதிகாரியாக இருந்திருக்கக்கூடும். அப்படியானால் குழந்தைகள் படை முகாமிட்டிருந்த நகரங்களில் பிறந்து ராணுவத் தேவாலயப் பதிவேட்டில் இருப்பார்கள். அச்சிட்ட அதிகாரிகள் பட்டியலில் எந்த ஆண்டு எந்தப் படைப்பிரிவு என்று பார்த்து அந்த நகரத்துக்குப் போங்கள். பிரஷ்ய ராணுவத்தின் தனிநபர் கோப்புகளை நம்பி இருக்காதீர்கள், பெரும்பகுதி 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் போட்ஸ்டாமில் எரிந்துபோனது. திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும்.

எழுத்து குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்துப் பாணியில் இருக்கும். அதில் 'e' எழுத்து 'n' போலத் தெரியும், 'u' மேல் ஒரு வளைவு இருக்கும். நல்லவேளை, பெயர்களைப் பல எழுத்தர்கள் லத்தீன் பாணியில் தெளிவாக எழுதினார்கள். பல முற்பெயர்களில் ஒன்றின் கீழ் கோடு இருந்தால், அதுதான் அவரைக் கூப்பிட்ட பெயர். டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருள் ஓரளவு படித்துக் கொடுக்கும், ஆனால் பெயர்களில்தான் அதிகம் தவறும். தேதியில் 7, 8 என்ற எண்களோடு 'பிரிஸ்' என்று ஒட்டியிருந்தால் அது ஜூலை, ஆகஸ்ட் இல்லை, செப்டம்பர், அக்டோபர்.

அச்சுப் புத்தகங்களை இந்தக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும். பிரபுக் குடும்பங்களைப் பட்டியலிட்ட கோத்தா ஆண்டுக் கையேடுகளில் கோமகன்களுக்கு 1825 முதலும் ஃபிரைஹெர்களுக்கு 1848 முதலும் தனித்தொகுதி வந்தது. டூசல்டோர்ஃப் பல்கலைக்கழக நூலகம் இவற்றை இலவசமாக ஏற்றியிருக்கிறது. ஒரு ஆண்டின் தொகுதியில் பெயர் இல்லை என்றால் உடனே கைவிடாதீர்கள். குடும்ப வரலாறு எல்லா ஆண்டும் அச்சாகவில்லை. தலைப்பின் கீழ் 'இன்ன ஆண்டுத் தொகுதி பார்க்க' என்றிருக்கும், அந்தச் சங்கிலியைப் பிடித்துப் பின்னால் போங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: தகவலைக் கொடுத்தது அந்தந்தக் குடும்பமே. சாதாரணப் பெண்ணைக் கட்டியவர், கப்பலேறிக் காணாமல் போனவர், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் ஆகியோர் விடுபட்டிருக்கலாம். உங்கள் முன்னோர் அவர்களில் ஒருவராகவே இருக்கக்கூடும்! க்னெஷ்கேயின் ஒன்பது தொகுதி பிரபுக்கள் அகராதி (1859–1870) துப்புக்கு நல்லது, ஆதாரத்துக்கு ஆகாது.

1648க்கு முன் பல ஊர்களில் பதிவேடே இல்லை. முப்பதாண்டுப் போர் விழுங்கிவிட்டது. அங்கே கைகொடுப்பவை அச்சிட்ட அடக்கப் பிரசங்கங்களும் கல்லறைக் கற்களும். பிரசங்கத்தின் கடைசியில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும் முன்னோர் வரிசையும் இருக்கும். மார்பர்க் ஆய்வு மையத்தின் தரவுத்தளத்தில் பெயரால் தேடலாம். கல்லில் நான்கு சின்னங்கள் இருந்தால் வழக்கமாக மேல் வரிசையில் நமக்கு இடப்பக்கம் தந்தையின் குலம், வலப்பக்கம் தாயின் குலம், கீழே இரு பாட்டிமார் குலங்கள். 1650 வரையிலான கல்வெட்டு வாசகங்கள் பல, ஜெர்மன் கல்வெட்டுகளுக்கான இலவச இணையத் தொகுப்பில் உள்ளன.

ஊர் இப்போது போலந்தில் இருந்தால் போலந்து அரசுக் காப்பகங்களின் பொதுத் தேடுதளத்தில் பாருங்கள். ஸ்கேன்களுக்குக் கட்டணம் இல்லை. ஊரின் போலிஷ் பெயரைப் போட வேண்டும்.

கடைசியாகப் பட்டம் கொடுத்த ஆவணம். 1806 வரை புனித ரோமப் பேரரசர் கொடுத்தது வியன்னாவில் ஆஸ்திரிய அரசுக் காப்பகத்தில் இருக்கும், அட்டவணையை இணையத்தில் தேடலாம். பிரஷ்யா என்றால் பெர்லின் டாலெமில் உள்ள காப்பகம், பவேரியா என்றால் மூனிக். கோப்பில் அடிக்கடி குடும்பம் தானே எழுதிய மனுவும் இருக்கும். அதில் 'புதிதாக வழங்கியது' என்றா, 'பழைய பிரபுத்துவத்தை உறுதிசெய்தது' என்றா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், மனுவில் சொன்ன முன்னோரை அப்படியே ஏற்றிருக்கவும் கூடும். அந்தத் தலைமுறைகளை வேறு ஆதாரம் வரும்வரை மரத்தில் புள்ளிக்கோட்டோடு விடுங்கள்.