வெறும் ஃப்ரேம் ஒன்று இருக்கிறது, கியர் இல்லாத சைக்கிள் கட்ட முதலில் என்ன வாங்குவது?

பழைய இரும்புக் கடையில் ஒரு மவுண்டன் சைக்கிள் ஃப்ரேம் மலிவாகக் கிடைத்தது, சக்கரம் இல்லை, பெடல் இல்லை, பழைய சாமான்களைச் சேர்த்து கியர் இல்லாத சைக்கிளாகக் கட்டி தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வர வைத்துக்கொள்ளலாமா, முதலில் என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கட்டலாம். ஆனால் முதலில் எதையும் வாங்காதீர்கள். பழைய சாமானில் சைக்கிள் கட்ட நினைக்கிறவர்களில் பாதிப் பேர் காசை விடுவது இங்கேதான். எங்கேயோ நல்ல சக்கரம் ஒன்று 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது என்று தூக்கி வந்துவிடுவார்கள், அது ஃப்ரேமுக்குள் நுழையாது. எது பொருந்தும் என்பதை ஃப்ரேம்தான் முடிவு பண்ணும், அதனால் ஃப்ரேமை அளந்து ஒரு தாளில் எழுதி அந்தத் தாளோடுதான் கடைக்குப் போகவேண்டும்.

நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட். அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் பால் டின்னைக் கட்டிக்கொண்டு போன சைக்கிளில் கியர் என்று ஒன்று கிடையாது, அது இரும்பு, கனம், ஆனால் படுத்துவிடாது. இப்போது பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை, ஆனால் மண் அதே செம்மண். மழை பெய்த மறுநாள் செம்பனைக் காட்டுப் பாதையில் கியர் சைக்கிளை ஓட்டிப் பாருங்கள், பின்னால் தொங்கும் அந்தச் சின்னப் பல்சக்கரங்களில் மண் அப்பிக்கொண்டு செயின் நடுங்கும். ஒற்றைப் பல்சக்கரத்தில் அப்பிக்கொள்ள அவ்வளவு இடமே இல்லை. அதனால் நீங்கள் நினைத்திருப்பது நம்ம ஊருக்குச் சரியான வண்டி.

சரி, ஃப்ரேமுக்கு வருவோம். அளப்பதற்கு முன் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடம், கிராங்க் (பெடல் மாட்டும் கை) சுற்றும் குழாயின் பின்பக்கம், பின்சக்கர அச்சு உட்காரும் வாய், இந்த மூன்று இடத்திலும் பெயின்ட் கோடாக வெடித்திருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பார்க்கவேண்டும். பெயின்டுக்குக் கீழே இரும்பிலும் கோடு தெரிந்தால் அந்த ஃப்ரேமைத் திரும்ப இரும்புக் கடைக்கே கொடுத்துவிடுங்கள். வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்வாய் ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பின்வாய்க்கு இறுக்கமாக இழுத்துக் கட்டி, நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் நேராக இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை.

அடுத்து பின்வாய், இதில்தான் உங்கள் வேலை சுலபமா கஷ்டமா என்பது தெரியும். கியர் இல்லாத சைக்கிளில் செயினை இறுக்க சக்கரத்தையே பின்னால் இழுக்கவேண்டும், அதற்கு வாய் படுக்கைவாட்டில் நீளமாக இருக்கவேண்டும். 90-களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான மவுண்டன் ஃப்ரேம்களில் வாய் கீழ்நோக்கிச் செங்குத்தாக இருக்கும், அதில் சக்கரத்தை நகர்த்த முடியாது. அதற்காக ஃப்ரேமைத் தூக்கிப் போடவேண்டாம். பழைய கியர் சைக்கிளின் பின் டிரெய்லியரை (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி) அப்படியே மாட்டி, அதிலுள்ள இரண்டு சின்ன ஸ்குரூக்களைத் திருப்பி அது நேர்கோட்டில் நிற்கும்படி செய்துவிட்டால், கியர் மாற்றாமல் செயினை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்குரூ போதவில்லை என்றால் ஒரு துண்டு கேபிளை மாட்டி இறுக்கி நிறுத்தலாம். மேலே சொன்ன மண் தொல்லை இதில் கொஞ்சம் இருக்கும், ஆனால் அடிக்கடி கழுவினால் ஓடும்.

இரண்டு வாய்க்கும் நடுவிலுள்ள அகலத்தையும் உள்பக்கமாக அளந்து எழுதுங்கள். மவுண்டன் ஃப்ரேம் என்றால் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர், பழைய 6, 7 கியர் சாலை சைக்கிள் 126, பி.எம்.எக்ஸ் 110. சக்கர அச்சில் இரண்டு பக்க லாக் நட்டுகளின் வெளிமுகங்களுக்கு நடுவிலுள்ள அகலமும் அதுவாகவே இருக்கவேண்டும், அச்சு அதற்கு வெளியே கொஞ்சம் நீண்டிருக்கும். இரும்பு ஃப்ரேமை நாலைந்து மில்லிமீட்டர் விரிக்கலாம், அலுமினியத்தை ஒருபோதும் விரிக்காதீர்கள், அது வெடித்துவிடும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சக்கரத்தில் ஒரு பெரிய குழப்பம் உண்டு, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் பழைய கூடை சைக்கிள்கள் இங்கே நிறைய விற்கிறார்கள், அதில் சக்கரம் நல்ல தரமாகவே இருக்கும், டயரில் 26 என்று எழுதியிருக்கும். உங்கள் பழைய மவுண்டன் ஃப்ரேமும் பெரும்பாலும் 26 தான். ஆனால் இரண்டும் வேறு வேறு. மவுண்டன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர், 26 x 1 3/8 என்று எழுதியிருக்கும் கூடை சைக்கிளில் 590. ரிம் 15 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாகப் போய்விடும், ஃப்ரேமிலுள்ள பிரேக் கட்டை அதை எட்டாது. ஆகவே 26 என்ற எழுத்தை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல் சின்னதாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பின்னாலுள்ள மூன்று இலக்கம் 559 ஆக இருந்தால் எடுக்கலாம். ரிம் பிரேக் படும் இடம் உள்வாங்கிக் குழிந்திருந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம்.

பழைய மவுண்டன் பின்சக்கரம் கிடைத்தால் அதன் கியர் அடுக்கு இரண்டு விதமாக இருக்கும். பழையது என்றால் அடுக்கு முழுக்க மரையில் திருகியிருக்கும், சைக்கிள் கடையில் அதற்கான சாவியைப் போட்டுக் கழற்றச் சொல்லி, அதே மரையில் பி.எம்.எக்ஸ் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் ஒற்றைப் பல்சக்கரம்) ஒன்றைத் திருகிவிடலாம். புதிய மாதிரி என்றால் அடுக்கை உருவி எடுத்துவிட்டு, ஒரே ஒரு பல்சக்கரத்தைப் போட்டு மீதி இடத்தை வளையங்களால் நிரப்பவேண்டும், பைப் கடையில் கிடைக்கும் பி.வி.சி குழாயை அளவாக அறுத்துப் போட்டாலே போதும். எதுவானாலும் முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், செயின் சாய்ந்து போனால் சத்தம் போடும், குலுங்கும்போது கழன்று விழும். வளையங்களை மாற்றியோ முன்பல்சக்கரத்தை உள்பக்கத்துக்கு நகர்த்தியோ இதைச் சரிசெய்யலாம்.

எத்தனை பல் என்று கேட்பீர்கள். முன்னால் 36, பின்னால் 16 என்றால் 26 இஞ்ச் சக்கரத்தில் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 4.6 மீட்டர் போகும். 42க்கு 16 என்றால் 5.4 மீட்டர். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டாவது வேகம். நீங்கள் தோட்டத்துக்குள்ளிருந்து வருகிறீர்கள், மேடு இருக்கும், பின்னால் அரிசியோ கேஸ் டின்னோ இருக்கும், அதனால் நான் 36க்கு 16 தான் சொல்வேன், முழங்காலுக்கும் நல்லது.

கிராங்க் பேரிங்கைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: செயின் இருக்கும் வலதுபக்கக் கப் தலைகீழ் மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். இடது பெடலும் அப்படித்தான். இது தெரியாமல் பலமாக இறுக்கி மரையைக் கெடுத்த ஃப்ரேம்கள் பழைய சாமான் கடைகளில் நிறையக் கிடக்கின்றன. பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்து, மங்கிப் புள்ளி விழுந்திருந்தால் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், பின்சக்கரத்துக்கு பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது குண்டு, ஒவ்வொன்றும் கால் இஞ்ச். விலை ஒன்றும் பெரிதில்லை. மாட்டுகிற எல்லா மரையிலும், சீட் கம்பியிலும் கிரீஸ் தடவுங்கள், நம்ம ஊர் ஈரத்துக்குத் தடவாமல் விட்டால் சீட் கம்பி ஃப்ரேமோடு ஒட்டிக்கொண்டு அப்புறம் அசையவே அசையாது.

பழையதாக வாங்கக்கூடாதவை என்று நான் வைத்திருப்பது செயின், ஃப்ரீவீல், பிரேக் கட்டை, பிரேக் கேபிள். டயரில் வெடிப்பு இருந்தால் அதுவும். செயினும் ஃப்ரீவீலும் சேர்ந்தே 50 வெள்ளிக்குள் முடிந்துவிடும். கூடவே தேய்ந்த செயின் புதிய பல்லையும் தின்றுவிடும், அதனால் இதில் மிச்சம் பிடிப்பதில் லாபமே இல்லை.

பிரேக் பற்றி. முன்னும் பின்னும் இரண்டும் போடுங்கள். கியர் இல்லாத சைக்கிள் என்றதும் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு லாஜாக் சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது, ஹேண்டிலைத் தாழ்த்தி பிரேக்கையும் கழற்றி விடுகிறார்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அப்படிப்பட்ட சைக்கிள்களில் இரவில் கூட்டமாக இருந்த பிள்ளைகள் மேல் கார் மோதி 8 பேர் செத்துப்போனார்கள். நம்ம சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வருகின்றன, ஈரத்தில் ரிம் பிரேக் பிடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஒரு பிரேக் போதாது. பின்னால் சிவப்பு லைட்டும் போட்டுவிடுங்கள், தோட்டத்துப் பாதையில் விளக்குக் கம்பம் கிடையாது.

எல்லாம் மாட்டியதும் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டர் அளவு அசைந்தால் போதும். கிராங்கை மெதுவாக முழுச் சுற்று சுற்றி, எந்த இடத்தில் ரொம்ப இறுகுகிறதோ அந்த இடத்தில் அளந்து இறுக்கவேண்டும், பழைய பல்சக்கரம் நூல் பிடித்த மாதிரி வட்டமாக இருக்காது. முதல் நாள் டவுன் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்ததும் கிராங்க் நட்டுகளை, முக்கியமாக இடதுபக்கத்தை, மறுபடி இறுக்குங்கள். அது லூசாக இருக்கும்போதே மிதித்துக்கொண்டிருந்தால் கிராங்கின் சதுர ஓட்டை தேய்ந்து கிராங்கே போய்விடும். பின்சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பேனர்தான், அதில் ஒன்றை எப்போதும் சீட்டுக்கு அடியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.