வேறொருவர் பறித்த கொழுந்து

வாசகர் கேள்விகளுக்குக் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 79 வயது. எங்கள் வீட்டில்தான் படுக்கையில் இருக்கிறார். முப்பது வருடம் மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவர். கேட்பாரற்றுக் கிடந்த நோயாளிகளுக்குத் தன் கையால் கஞ்சி ஊட்டியவர். இப்போது நள்ளிரவில் விழித்துக்கொண்டு, "நான் செய்தது போதுமா?" என்று கேட்கிறார். "போதும் அம்மா" என்றால் அழுகிறார். நாங்கள் சி.எஸ்.ஐ.; என் கணவர் வீட்டார் கத்தோலிக்கர். விசுவாசம் போதும் என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள், நற்செயலும் வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள். நற்செயல்களால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முடியாது. "போதும் அம்மா" என்று சொல்வதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்தச் சொல்லால் ஆறுதல் வராது. அதை நான் ஒரு படுக்கையருகே கற்றுக்கொண்டேன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில், சாகும் தறுவாயில் இருந்த ஒரு தாயைப் பார்க்கப் போனேன். அவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். நான் அவர் செய்த நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். ஆலயத்தைப் பெருக்கியது, அநாதைப் பையனுக்குச் சோறு போட்டது, பஞ்ச காலத்தில் பகிர்ந்துகொண்ட அரிசி. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதெல்லாம் செய்தேன் ஐயா. மூத்தவளைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பினேனே, அதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?" எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. நன்மைகளை எண்ணத் தொடங்கியது நான். எண்ணத் தொடங்கினால் மற்றதையும் எண்ணித்தானே ஆக வேண்டும்? ஆறுதல் சொல்லப் போனவன், அவர் நெஞ்சில் ஒரு கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு வந்தேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, சிறுவனாக இருந்தபோதே என் கண்முன் நடந்திருக்கிறது. என் தாயார் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், பக்கத்து லயன் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். டிசம்பர், ஜனவரிக் குளிரில் அவருடைய விரல்கள் மடங்கவே மடங்காது. எடை குறைந்தால் அரை நாள் கூலிதான். எடை போடும் இடத்துக்கு வருமுன், என் தாயாரும் இன்னும் இரண்டு பெண்களும் தங்கள் கூடையிலிருந்து கை கையாய் அள்ளிப் பாட்டியின் கூடையில் போடுவார்கள். தராசு இறங்கும். பாட்டியின் பெயருக்கு முழு நாள் எழுதப்படும். அந்தக் கொழுந்தில் பாதி அவர் தொட்டுக்கூடப் பார்க்காதது.

கிருபை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். பவுல் எபேசியருக்கு எழுதுகிறார் (2:8, 9): "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமை பாராட்டாதபடி கிரியைகளினால் உண்டானதல்ல என்றும் சேர்த்துக்கொள்கிறார். நம் கூடை நிறைவது கிறிஸ்து பறித்ததனால். உவமை முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை எழுதிய எங்கள் மேஸ்திரி எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல் எழுதினார். சிலுவையில் எதுவும் மறைத்து நடக்கவில்லை. எடை போடுகிறவரே, குறை இவ்வளவு என்று அறிந்து, தம்முடையதிலிருந்து அள்ளிப் போட்டார்.

யாக்கோபு மட்டும் ஏன், "கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது" என்கிறார்? விசுவாசம் போதும் என்று முழங்கிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்கே இது இடறலாக இருந்தது. 1522-இல் அந்த நிருபத்தை வைக்கோல் என்றுகூட எழுதினார். நான் மறுபடியும் அந்தப் பாட்டியிடம்தான் போவேன். மறுநாள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, மூன்று வீட்டுக்கும் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். எங்கள் அம்மாக்கள் மலைக்குப் போனதும் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொள்வார். அதைக் கொழுந்துக்கு விலை என்று யாராவது சொல்லியிருந்தால் என் தாயாருக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் பாட்டி அதுகூடச் செய்யாமல் இருந்திருந்தால், தனக்குக் கிடைத்தது என்ன என்றே அவருக்கு விளங்கவில்லை என்றுதான் எண்ணியிருப்போம். யாக்கோபு பேசுவது இதைத்தான். எபேசியரிலும் அடுத்த வசனமே, நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. நம் பிரசங்கங்களில் பலர் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம்.

உங்கள் கணவர் வீட்டாரைப் பற்றி. கத்தோலிக்கர் புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று நம்மவர்கள் சொல்வது நியாயமன்று. விசுவாசமோ செயலோ, எதுவும் நீதிமானாக்கும் அருளை முன்கூட்டிச் சம்பாதிக்காது என்று அவர்களுடைய ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமே 1547-இல் எழுதிவைத்தது. அருளைப் பெற்றபின் செய்யும் நன்மைக்குப் பலன் உண்டா என்பதில்தான் நம் இரு சபைகளும் வேறு வேறு விதமாகப் பேசுகின்றன. 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் இந்தக் கேள்வியின் அடிப்படையில் ஒன்றுபடுகிறோம் என்று கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்துகொண்டார்கள். கத்தோலிக்கர் 'அருள்' என்பதும் நாம் 'கிருபை' என்பதும் ஒன்றே. சாப்பாட்டு வேளையில் இதற்காக ஒரு சண்டை வேண்டாம்.

அம்மா இன்றிரவு கேட்டால், "போதாது அம்மா, யாருக்குமே போதாது, அதனால்தான் அவர் வந்தார்" என்று சொல்லுங்கள். லூக்கா 23-ஐ வாசியுங்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் தன் நன்மை என்று காட்டுவதற்கு அவனிடம் ஒரு கஞ்சிக் கிண்ணம்கூட இல்லை; அவனுக்கும் இயேசு பரதீசை வாக்களித்தார். பிறகு அம்மா ஊட்டிய நோயாளிகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். கணக்காக அன்று, கதையாக. ஆசையோடு சொல்வார்.

கேள்வி: கடைசி நிமிடத்தில் மனந்திரும்பினால் போதுமென்றால், இளம் வயதிலேயே நல்லவனாக வாழ்வதில் என்ன லாபம்?
– கல்லூரி மாணவர், உதகை

பதில்: தம்பி, மத்தேயு 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். இயேசு சொன்ன உவமையில், திராட்சைத்தோட்டத்துக்கு விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. ஐந்து மணிக்காரன் கொடுத்துவைத்தவன் என்று நீ நினைக்கிறாய். பகல் முழுவதும் அவன் எங்கே நின்றான்? கடைத்தெருவில், ஒருவரும் வேலைக்கு அழைக்காமல். தினக்கூலிக்காக எஸ்டேட் வாசலில் நின்று, பெயர் கூப்பிடப்படாமல் திரும்பிய என் தகப்பனாரைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசமாட்டார். கையைக் கழுவிக்கொண்டே இருப்பார், அழுக்கே படாத கையை.