புது வீட்டுப் புல்தரை மஞ்சளாகிக் காய்கிறது, வேறு புல் போட்டால் சரியாகுமா?

குடிவந்து எட்டு மாதம், வாசல் பக்கம் போட்ட புல் திட்டுத் திட்டாகக் காய்கிறது, ரகத்தை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை நான் ஒரு நர்சரிக்காரரிடம் கேட்டேன். "தாராளமா மாத்தலாம் சார்" என்றார். மாற்றினேன். அதுவும் காய்ந்தது. அதனால் சொல்கிறேன், புல்லில் இன்னொரு தடவை காசு போடாதீர்கள். முதலில் தோண்டிப் பாருங்கள்.

எங்கள் வீடு கூடுவாஞ்சேரி பக்கம், 2021இல் கட்டி முடித்தோம். வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 20க்கு 15 அடி இடம். அம்மாவுக்கு முட்டிவலி. காலையில் வெறுங்காலோடு நாலு நடை நடக்கப் புல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டார். கட்டிக் கொடுத்தவரே ஒரு லோடு செம்மண் அடித்து நிரவிவிட்டார். மேலே கொரியன் புல். ஒரு மாதம் பச்சைப்பசேல் என்று இருந்தது, அப்புறம் நடுவில் மஞ்சள் திட்டு.

பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: தண்ணீர் பத்தவில்லை. நானும் அதையே என் மனைவியிடம் சொன்னேன். காலையும் மாலையும் ஓஸ் பிடித்து நின்றவள் அவள்தான். "ஊத்திக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள். நான் நம்பவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. யூரியா தூவினோம், ஓரங்கள் கருகின. மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு மெக்சிகன் புல் போட்டோம். ஆறே வாரத்தில் அதே இடத்தில் அதே மஞ்சள்.

அதே இடம் என்பதுதான் எனக்குப் பொறி தட்டிய விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பாயைச் சுருட்டுவது போல அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் வேர்கள் கீழே இறங்கவே இல்லை, பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தன. கடப்பாரையால் குத்தினால் நாலு விரற்கடை செம்மண், அதற்குக் கீழே 'ணங்'. சாம்பல் நிறத்தில் இறுகிப்போன சிமெண்ட் கலவை, செங்கல் உடைசல், ஜல்லி, கிழிந்த சிமெண்ட் சாக்கு. கட்டும்போது போனில் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். கொத்தனார் கலவை போட்ட இடமும் மஞ்சள் திட்டும் அச்சாக ஒன்றேதான். 12க்கு 8 அடி.

சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். இரும்புச் சத்து மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை முதலில் வெளுத்தால் அநேகமாக இதுதான். தழைச்சத்துக் குறைவென்றால் அடியிலிருக்கும் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். இது போதாதென்று ஜேசிபியும் லாரியும் ஏறி மிதித்த மண் வேறு. ஊற்றிய தண்ணீர் கீழே போக வழியில்லாமல் நின்று வேர் அழுகும். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றச் சொன்னால்?

கலவை கிடந்த இடத்தை மட்டும் ஓரடி ஆழத்துக்குத் தோண்டினோம். கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி குப்பை வெளியே போனது. மீதி இடத்தைக் கொத்திவிட்டு, நல்ல மண்ணோடு மக்கிய தொழு உரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பினோம். நிரப்பியதும் புல் நடாதீர்கள். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் விடுங்கள். செம்மண் லோடோடு அநேகமாகக் கோரைக்கிழங்கும் வரும், அது அப்போது முளைக்கும். மேலே பிடுங்கினால் மறுபடி வரும், கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். ஆடியில் அருகம்புல்லைத் துண்டு துண்டாக நட்டோம், பாய் போல வளர்த்து விற்கும் கார்பெட் புல் வாங்கவில்லை. எங்களுக்கு நாள் முழுக்க வெயில், அதனால் அருகு. மரநிழலோ மாடி நிழலோ விழும் இடமென்றால் நர்சரியில் 'பஃபலோ கிராஸ்' என்று விற்கும் அகல இலைப் புல்தான் தாங்கும். போர் தண்ணீர் உப்பா என்று மட்டும் தனியாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

"குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் புல் ஒரு கேடா, முருங்கை வைக்கலாமே" என்று யாராவது கேட்பார்கள் என்பது தெரியும். 2019இல் குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றவன்தான் நானும். முன்பு தினம் இரண்டு வேளை ஊற்றினோம், இப்போது மூன்று நாளுக்கு ஒரு தடவை, நன்றாக நனையும்படி. முருங்கையும் பின்பக்கம் நிற்கிறது.

உண்மையில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எங்கள் தெருவைப் பற்றித்தான் பேச வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இன்று ரோடு எங்கள் கேட்டைவிட முக்கால் அடி உயரம். ஐப்பசியில் தெருத் தண்ணீர் அத்தனையும் வாசலுக்குள். மனு கொடுத்தேன், இரண்டு தடவை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். வீட்டை உயர்த்திக் கட்ட வேண்டியது நம் தலையெழுத்து என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ரோட்டைச் சரியாகப் போட வேண்டியது யார் வேலை என்று அவரும் கேட்பதில்லை.

சரி, உங்கள் புல்லுக்கு வருகிறேன். திட்டின் நடுவில் ஓரடிக் குழி எடுத்து ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் ஆளை வைத்துத் தோண்டிவிடுங்கள், மழைக்கு முன்னால். கட்டும்போது எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள், கலவை எங்கே போட்டார்கள் என்று.