ஆட்டின் ஒரு பக்க மடி கல் மாதிரி இருக்கிறது, மஞ்சள் பூசினால் போதுமா?

உசிலம்பட்டிப் பக்கம் தலைச்சேரி ஆடு, குட்டி போட்டுப் பத்து நாள், பால் திரிதிரியாக வருகிறது என்கிறீர்கள். இது மடிநோய்தான். மஞ்சள் மட்டும் போதாது.

முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, சிவந்து இருந்தால் சிகிச்சைக்கு நேரம் இருக்கிறது; ஆனாலும் இன்றே காட்டுங்கள். சில்லென்று ஆகி நீலம் பாய்ந்திருந்தால் சதை அழுகத் தொடங்கிவிட்டது. ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியால் வரும் இந்த வகையில் ஆட்டின் உயிரே போகலாம். உடனே 1962-க்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் வைத்தியம் மாட்டுக்காரர்களிடம் பிரபலம். வீக்கத்துக்குக் கூடுதலாகப் பூசலாம், ஊசிக்குப் பதிலாக அல்ல. கெட்ட பாலைக் கொட்டிலிலேயே பீய்ச்சிவிடாதீர்கள். கிருமி அங்கேயே தங்கிவிடும். குட்டிகளுக்கு வேறு ஆட்டுப் பால் கொடுங்கள். மருந்து போட்டபின் டாக்டர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது.

இன்னொன்று: மாட்டுப் பாலில் மடிநோய் இருக்கிறதா என்று சோதிக்கும் கரைசலில் ஆட்டுப் பால் லேசாகக் கெட்டியானாலே பயப்பட வேண்டாம். பாலில் உள்ள செல்களால்தான் கரைசல் கெட்டியாகும்; ஆட்டுப் பாலில் அவை இயல்பாகவே அதிகம். கறுப்புத் துணியில் முதல் பீச்சைப் பிடித்துத் திரி தெரிகிறதா என்று தினமும் பார்ப்பது அதைவிட உபயோகமானது.

அப்புறம், கறந்தவுடன் காம்புத் துளை சுமார் அரை மணி நேரம் திறந்தே இருக்கும்; அப்போது ஆடு தரையில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். காம்பைப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, கொஞ்சம் தழை கட்டித் தொங்கவிடுங்கள். ஆடு படுக்காமல் நின்று மேயும்.