பி.எட். படிக்கக் கடன் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள், ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். தனியார் கல்வியியல் கல்லூரி ஒன்றில் விசாரித்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கும் எல்லாம் சேர்த்து 2 இலட்சம் ரூபாய் ஆகும் என்றார்கள். என் கணவர் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கிறார். கையில் சேமிப்பு இல்லை. என் நகையை அடகு வைப்பதா, வங்கியில் கல்விக் கடன் வாங்குவதா? படித்து முடித்தால் அந்தக் கடன் அடையுமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: கடன் அடையுமா என்பது, எந்தச் சம்பளத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், அகவிலைப்படி தனி. அதை வைத்துப் பார்த்தால் 2 இலட்சம் ஒரு கடனே அல்ல. ஆனால் அந்த வேலைக்கு பி.எட். மட்டும் போதாது. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 90 மதிப்பெண் பெற வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதைவிடக் குறைவு. அதில் தேறிய பிறகும், 2018-இல் வந்த அரசாணைப்படி நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுதியாக வேண்டும். அந்தத் தேர்வு காலியிடங்களை அறிவிக்கும்போதுதான் நடக்கும். ஆண்டுதோறும் நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் தேர்வே 2024 பிப்ரவரியில்தான் நடந்தது.

ஆகவே, உங்கள் மகள் முதலில் வாங்கப்போவது தனியார் பள்ளிச் சம்பளம் என்று வைத்துக்கொள்வதே விவேகம். நம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் கணித ஆசிரியைக்குப் பத்தாயிரத்தை ஒட்டித்தான் கிடைக்கிறது. மே மாதம் சம்பளம் தராத பள்ளிகளும் உண்டு. பாதியில் விலகிவிடக் கூடாது என்பதற்காக அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

வட்டிக் கணக்கு நகரத்தார் சீமையில் யாருக்கும் புதிதல்ல என்றாலும், இதை ஒரு முறை எழுதிப் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் 11 விழுக்காடு வட்டிக்குக் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் 2 ஆண்டுகளும் அதன் பின் 1 ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் இலட்சத்துக்கு 33,000, இரண்டாவதற்கு 22,000 என்று வட்டி சேர்ந்து, தவணை தொடங்கும்போது கடன் 2,55,000 ஆகிவிடும். அதை 7 ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 4,370 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 3 இலட்சத்து 67 ஆயிரம் கட்டி முடித்திருப்பீர்கள். பத்தாயிரம் சம்பளத்தில் 4,370 போனால், தகுதித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு சேரக்கூட அந்தப் பெண்ணிடம் பணம் இருக்காது. எந்தத் தேர்வை நம்பிக் கடன் வாங்கினோமோ, அந்தத் தேர்வுக்குப் படிக்க விடாமல் அந்தக் கடனே தடுக்கும். என் கருத்தில், தவணை 2,000 ரூபாயைத் தாண்டாத அளவுக்குத்தான் நீங்கள் கடன் வாங்கலாம். இதே வட்டிக்கு அது 90,000 ரூபாயை ஒட்டிய கடன்.

நகையை இதற்கு வைக்க வேண்டாம். நகைக்கடனுக்கு வட்டி குறைவாகவே தோன்றும். ஆனால் ஆண்டு முடிந்ததும் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் அல்லது மீட்க வேண்டும். உங்கள் மகளோ மூன்றாம் ஆண்டில்தான் சம்பாதிக்கத் தொடங்குவாள். இடையில் வெளியே கைமாற்று வாங்கி மீட்பதும், மறுநாளே அதே நகையை மறு அடகு வைப்பதுமாகப் போகும். கல்விக் கடனில் 4 இலட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்பதில்லை, செலவில் ஒரு பங்கை நீங்கள் கைப்பணமாகப் போட வேண்டும் என்றும் கேட்பதில்லை. கடன் வாங்கினால் வருமான வரிச் சலுகை உண்டு என்று கல்லூரிச் சேர்க்கைக்கு அலையும் தரகர்கள் சொல்வார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத வீட்டுக்கு அதனால் ஒரு காசு பயன் இல்லை.

2 இலட்சம் கேட்கும் கல்லூரியை ஒதுக்கிவிட்டு, முதலில் புதுக்கோட்டை அரசு கல்வியியல் கல்லூரிக்கும், கலந்தாய்வில் வரும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும், தனியாகக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகக் கல்வியியல் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். அரசு கல்லூரியில் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். காரைக்குடியில் இடம் கிடைத்தால், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவும் மிச்சம். பயிற்சியில் 20 வாரம் பள்ளிகளில் பாடம் நடத்த வேண்டும். அதற்கு ஊதியம் கிடையாது. கற்பித்தல் கருவிகள், பதிவேடுகள், சேலை என்று கையிலிருந்து செலவாகும். அந்த அளவுக்குச் சிறு கடன் வாங்குவதில் தவறில்லை.

இந்த ஆண்டு அங்கெல்லாம் இடம் கிடைக்காவிட்டால், அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் சேரட்டும், பி.எட். பிறகு படிக்கலாம். முதுகலையும் பி.எட்.-டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அதற்குத் தகுதித் தேர்வு தேவையில்லை, தொடக்க ஊதியம் 36,900. இரண்டு ஆண்டு தள்ளிப்போகிறதே என்று கவலைப்படுவீர்கள். பெரிய கடனோடு பத்தாயிரத்துக்கு வேலை பார்க்கும் இரண்டு ஆண்டுகளைவிட அது மேல் என்பேன். கல்லூரிக்கே வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும் என்று யாரேனும் பி.எட். விற்க வந்தால், அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கும் போகலாம், அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை என்கிறார்களே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இப்போது அப்படி இல்லை. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும். இந்த வகுப்புகளுக்கு நியமிக்கப்படும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியமும் 20,600 ரூபாய்தான். அந்த வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு பி.எட்.-டுக்குக் கடன் வாங்க எண்ணியிருந்தால், அதை நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.