காலுறையில் இல்லாத மடிப்பு

கேள்வி: எனக்கு வயது 56. தினமும் காலையில் 6 கி.மீ. நடக்கிறேன், வார இறுதியில் 40 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். எட்டு மாதமாக இரண்டு பாதங்களிலும் விரல்களுக்கு அடியில் சாக்ஸ் மடங்கிக் கிடப்பது போல இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் மடிப்பே இல்லை. இப்போது ராத்திரியில் எரிச்சலும் சேர்ந்துவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 104, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் முதுகெலும்புப் பிரச்சினை என்கிறார். இன்னொருவர் வயசு என்று சொல்லி, நரம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நடையை நிறுத்திவிட வேண்டுமா? அடுத்த மாதம் 10 கி.மீ. ஓட்டத்துக்கு வேறு பெயர் கொடுத்திருக்கிறேன்.

பதில்: இல்லாத மடிப்பைத் தேடி சாக்ஸைக் கழற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது. பாத நரம்பு பாதிப்பு உள்ளவர்கள் எத்தனையோ பேர் இதையேதான் சொல்கிறார்கள். மணலில் நிற்பது போல, பஞ்சில் மிதிப்பது போல என்றும் சொல்வார்கள். நடையை நிறுத்த வேண்டாம். வயசு என்ற பதிலையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். வயதானால் பாதத்தில் அதிர்வுணர்வு கொஞ்சம் மங்கும், அது உண்மை. ஆனால் 56 வயதில் எட்டு மாதத்துக்குள் வந்த எரிச்சலுக்கு வயது காரணம் ஆகாது.

முதலில் பாதம் ஏன் மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். கால் விரல் நுனியின் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்பிழை கீழ்முதுகில் முதுகெலும்பை ஒட்டித் தொடங்குகிறது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். உடம்பிலேயே நீளமான நரம்பு அதுதான். அவ்வளவு தூரத்துக்கும் சத்து போய்ச் சேர வேண்டும். ரத்தத்தில் ஏதாவது கெட்டால் கடைக்கோடிதான் முதலில் வாடும். அதனால்தான் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரலில் தொடங்கி மேலே ஏறினால் ரத்தப் பரிசோதனையை நோக்கிப் போகிறோம். ஒரு பாதத்தில் மட்டும், அல்லது ஒரு பட்டையாக மட்டும் மரத்தால் முதுகையோ கணுக்காலையோ பார்க்கிறோம்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நடை, சைக்கிள் என்று இரண்டு பழக்கங்கள் உள்ளவருக்கு அவையே இரண்டு பரிசோதனைகள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது, எந்தக் கால், எந்த விரல், நின்றால் போகிறதா, உட்கார்ந்தால் போகிறதா. நடக்கும்போது மரத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விட்டுப்போய், சைக்கிளில் குனிந்து மணிக்கணக்கில் போனாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் முதுகெலும்பு சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே தண்டுவடக் கால்வாய் குறுகியிருக்கலாம். கெண்டைக்கால் இறுகி வலித்து, சும்மா நின்றாலே சரியாகிறது என்றால் அது நரம்பைவிட ரத்தக்குழாயின் குரல். சைக்கிளில் மட்டும் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஷூதான். பெடல் அழுத்தும் இடமும் இறுக்கிக் கட்டிய லேஸும் முன்பாதத்து நரம்புகளை நசுக்கும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே மட்டும் மின்சாரம் பாய்வது போல இருந்தால் அங்கே ஒரு நரம்பு தடித்திருக்கலாம், முன்பக்கம் அகலமான ஷூ மாற்றினாலே பாதி குறையும். எதுவும் செய்யாமல் படுத்திருக்கும்போதும், இரண்டு பாதத்திலும் இருக்கிறது என்றால் அது ஷூவும் இல்லை, நடையும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் ராத்திரி எரிச்சல் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

சரி, ரத்தம். வெறும் வயிற்றில் 104 என்பது பயப்பட வேண்டிய எண் இல்லைதான், ஆனால் சாதாரணமும் இல்லை. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். நரம்பு பாதிப்பு அந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பாருங்கள், 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எல்லைக்கோடு. அதுவும் சரியாக இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதில் 140 முதல் 199 வரை வந்தால் எல்லைக்கோடு. மற்ற இரண்டும் தவறவிட்டதை இது பிடித்துக் கொடுப்பதுண்டு. நிறைய நடக்கிறவர், ஒல்லியாக இருக்கிறவர் என்றால் டாக்டர்களே சர்க்கரையைச் சந்தேகிக்க மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வைட்டமின் பி12. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் தெளிவான குறைபாடு. 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால்தான் தலைவலி. எண் சரி போலத் தெரியும், நரம்புக்கோ போதாமல் இருக்கலாம். அப்போது பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்கள், விலங்கு உணவே தொடாதவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மூன்றாவது, ரத்தப் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ், கூடவே இம்யூனோஃபிக்சேஷன். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எழுதி எடுத்துப் போங்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வேண்டாத புரதத்தை அது காட்டும். தைராய்டு, சிறுநீரகம் இரண்டும் வழக்கமான பட்டியலிலேயே வந்துவிடும்.

இப்போது அந்த நரம்புச் சத்து மாத்திரை. எனக்கு உண்மையில் கவலை அதில்தான். அட்டையைத் திருப்பி, பைரிடாக்ஸின் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். அதுதான் பி6. நரம்புக்கு நல்லது என்று கொடுக்கும் இதே வைட்டமின் அளவு மீறினால் நரம்பையே கெடுக்கும். 1983-லேயே மருத்துவ இதழ்களில் வந்த விஷயம் இது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று குறைத்தது. கடைகளில் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் இதைப்போல் பல மடங்கு இருக்கும். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சத்து மாத்திரையில் கொஞ்சம், எனர்ஜி பானத்தில் கொஞ்சம், புரதப் பொடியில் கொஞ்சம் என்று பி6 சேர்ந்துகொண்டே போகும். துத்தநாக மாத்திரையை அதிகமாகப் போட்டாலும் உடம்பில் தாமிரம் குறைந்து இதே தொல்லை வரலாம். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். சத்து மாத்திரை தொடங்கிய பிறகு பி12 பார்த்தால் எண் ஏறித்தான் இருக்கும், எப்போது தொடங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் மதுவையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை எடுத்து எல்லாம் சரி என்று வந்தால் அசந்துவிடாதீர்கள். அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலைச் சொல்லும் மெல்லிய இழைகள் அதற்கு எட்டாது. அவற்றைப் பார்க்க 3 மி.மீ. அளவில் தோலை எடுத்துச் சோதிக்க வேண்டும். இதையெல்லாம்விட டாக்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கிறாரா என்பது முக்கியம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, கட்டைவிரல் எலும்பில் வைத்து, கண்ணை மூடச் சொல்வார். அதிர்வு நின்றுவிட்டது என்பீர்கள். அதே கவையை எடுத்துத் தன் விரல் கணுவில் வைப்பார், அங்கே இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். அந்த வித்தியாசத்தை எந்த ரிப்போர்ட்டும் இவ்வளவு சுலபமாகக் காட்டாது. பரம்பரையாக வருவது, தொழுநோய், காசநோய்க்கும் புற்றுநோய்க்குமான சில மருந்துகள், தன்னெதிர்ப்பு நோய்கள் என்று பட்டியல் இன்னும் நீளும், தேவைப்பட்டால் அவர் அந்த வழியில் போவார். எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாதவர்கள் கணிசமாக உண்டு. பெரும்பாலும் அவர்களுக்கு மெதுவாகத்தான் கூடும்.

பாத உணர்வு குறைந்தவர்கள் அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர்கள் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். புண் இல்லாதவரை மிதமான நடையால் ஆபத்து கூடுவதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். எல்லைக்கோட்டுச் சர்க்கரை உள்ளவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோது தோலின் நரம்பு முனைகள் திரும்ப வளர்ந்ததையும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே நடங்கள், ஆனால் வலி உங்களை எச்சரிக்கும் என்று நம்பாதீர்கள். ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவி, கல் இல்லை என்று தெரிந்த பிறகு போடுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், ஷூ வாங்க அதுதான் நேரம். திரும்பி வந்ததும் உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி காட்டிப் பாருங்கள். வாஷ்பேசினைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பாதம் தொங்கிப்போனால், பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினால், தொடையிடுக்கு மரத்து சிறுநீர் கட்டுப்படாவிட்டால் இந்தக் கடிதப் போக்குவரத்தை எல்லாம் விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

10 கி.மீ. ஓட்டத்துக்குப் போங்கள், ஓடாமல் நடந்து. புது ஷூ வேண்டாம், ஏற்கெனவே பழகினதே போதும். 5 கி.மீ. தாண்டியதும் ஓரமாக உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். மடிப்பு எதுவும் இல்லாவிட்டால் தொடருங்கள். தோல் எங்காவது சிவந்திருந்தால், வலிக்காவிட்டாலும், அன்றைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.