கெடு தாண்டிய பாக்கியை எப்படிக் கேட்பது?

கேள்வி: சிறு அளவில் பொருள் தயாரித்து 30 நாள் கடனுக்குக் கொடுத்து வருகிறேன். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் 90 நாள் கடந்தும் பணம் தரவில்லை. அழுத்திக் கேட்டால் அவர்கள் விலகிவிடுவார்களோ என்று தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நிகர லாபம் 10 சதவீதம் என்றால், வராமல் போகும் ஒரு பில்லை ஈடுகட்ட அதைப் போலப் பத்து மடங்கு புதிதாக விற்றாக வேண்டும். தயக்கத்தின் விலை அதுதான்.

நிலுவைகளைக் கெடு தாண்டிய நாள்களின்படி பட்டியலிட்டு, தொகை பெரிதாகவும் தாமதம் குறைவாகவும் உள்ளவற்றிலிருந்து தொடங்குங்கள். பாக்கி பழையதாக ஆக, வசூலாகும் வாய்ப்பு குறையும். சரக்குக்கு ஆர்டர் கொடுத்தவரைவிட, பணம் விடுவிக்கும் கணக்குப் பிரிவினரிடம் பேசுவதே பயன் தரும். ஆர்டர் எண் விடுபட்டதால் பில் மேசையிலேயே கிடப்பதும் உண்டு. அதற்குக் கோபம் தேவையில்லை, திருத்திய பில் போதும். சரக்கில் குறை என்றால், குறை சொல்லப்படாத பகுதிக்கான தொகையை உடனே கேட்டு வாங்கிக்கொண்டு, மீதியைத் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பணமுடை என்று சொல்பவரிடம், “எப்போது தருவீர்கள்?” என்று கேட்டால் “சீக்கிரம்” என்ற பதிலே கிடைக்கும். எந்தத் தேதியில் எவ்வளவு என்று கேட்டு, பேசியதை அன்றே எழுதி அனுப்பி, அவரிடமிருந்து எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். நீங்கள் அனுப்பும் நினைவூட்டல்கள் எத்தனை இருந்தாலும், கடனை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்துக்குள்ள மதிப்பு அவற்றுக்கு இல்லை. இத்தகைய பாக்கிக்கு வழக்குத் தொடர இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டும் இங்கிலாந்தில் 6 ஆண்டும் காலவரம்பு உண்டு. அது முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்நாளிலிருந்து காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும்.

சொன்ன தேதி ஒருமுறை தவறினால் மறுநாளே அழையுங்கள். இரண்டாம் முறையும் தவறினால், பாக்கி தீரும்வரை ரொக்கத்துக்கு மட்டுமே சரக்கு என்று அறிவித்துவிடுங்கள். அதற்காக விலகிச் செல்பவர், என் கருத்தில், வாடிக்கையாளராக இருந்ததைவிடக் கடனாளியாக இருந்ததே அதிகம். அதன் பிறகும் பணம் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் வழக்குக்கு முன், அவரிடம் வசூலிக்கத்தக்க சொத்தோ வருமானமோ உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், குறைந்த தொகைக்குச் சமரசம் பேசிக் கையோடு வாங்கிக்கொள்வதே இலாபம்.